ஸ்டெப்பர் டிரைவர் கரண்ட் லிமிட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சார், ஏ4988-க்கு வி-ரெஃப் எவ்வளவு வைக்கணும்?"

சிஎன்சி, பிளாட்டர், 3டி பிரிண்டர் என்று முதன்முறையாக எதையாவது கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். ஏ4988 என்பது ஸ்டெப் ஸ்டெப்பாக நகரும் ஸ்டெப்பர் மோட்டாரை ஓட்டும் டிரைவர் சிப். அதன் போர்டில் உள்ள ட்ரிம்பாட் என்ற குட்டித் திருகைத் திருகி வைக்கும் வோல்டேஜ்தான் வி-ரெஃப். மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் வரை போகலாம் என்ற லிமிட்டை அதுதான் முடிவுசெய்கிறது. போர்டைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுப்பது, காயில் ஜோடியைக் குழப்புவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை உடனே தெரிந்துவிடும். ஓடுவது போலக் காட்டிவிட்டுப் பிறகு காசைக் கரைக்கும் தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

## அடுத்தவர் போர்டின் வோல்ட்டை உங்கள் போர்டில் வைப்பது

மோட்டாரின் காயிலில் ஓடும் கரண்ட், டிரைவர் போர்டில் உள்ள ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. அதன் குறுக்கே எழும் வோல்டேஜை சிப் வி-ரெஃப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, எல்லையைத் தொட்டதும் கரண்டைத் துண்டிக்கிறது. ஏ4988-ல் கணக்கு இதுதான்: வி-ரெஃப் = 8 × கரண்ட் × ரெசிஸ்டர் மதிப்பு.

இந்த ரெசிஸ்டர் எல்லா போர்டிலும் ஒன்றல்ல. சிப்புக்குப் பக்கத்தில் இரண்டு கறுப்புத் துண்டுகள் இருக்கும். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் ஆர்100, ஆர்068, ஆர்050 என்று ஏதாவது ஒன்று தெரியும். முறையே 0.1, 0.068, 0.05 ஓம். 1 ஆம்பியர் வேண்டுமென்றால் முதலாவதில் 0.8 வோல்ட், இரண்டாவதில் 0.54, மூன்றாவதில் 0.4. இந்த போர்டைத் தயாரிக்கும் போலோலு நிறுவனத்தின் அசல் போர்டிலேயே 2017 ஜனவரிக்கு முன் 0.05 ஓம், பிறகு 0.068. விலை குறைந்த நகல்களில் எது வரும் என்று வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் "0.8 வைத்தால் போதும்" என்று ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும் வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

கல்லூரி ப்ராஜெக்டுக்காக ஒரு தம்பி பேனா பிளாட்டர் கட்டிக் கொண்டுவந்தார். முதல் படம் சரியாக வரும். சில நிமிடம் கழித்து வட்டம் மூடாது, கோடு தள்ளிப் போகும். மோட்டார் ஸ்டெப் விடுகிறது, அதாவது நகர வேண்டிய ஸ்டெப்பைத் தவறவிடுகிறது என்றால் பலம் போதவில்லை என்று முடிவுகட்டி, ட்ரிம்பாட்டை இன்னும் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார். நிலைமை இன்னும் மோசமானது. பெல்ட்டை மாற்றினார், பெரிய மோட்டார் வாங்கினார், பவர் சப்ளையும் புதிதாக வாங்கினார். அப்போதும் அதே கதை.

அவர் போர்டில் இருந்தது ஆர்050. வீடியோவில் சொன்ன 0.8 வோல்ட்டை வைத்ததுமே லிமிட் 2 ஆம்பியர் ஆகிவிட்டது. ஹீட் சிங்க்கும் காற்றும் இல்லாமல் ஏ4988 ஏறக்குறைய 1 ஆம்பியர்தான் தாங்கும். கரண்ட் இரட்டிப்பானால் காயிலில் சூடு நான்கு மடங்கு. சிப் 165 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவுட்புட்டை நிறுத்துகிறது, சற்று ஆறியதும் மறுபடி திறக்கிறது. அந்த இடைவெளியில் போன ஸ்டெப்கள் திரும்பி வராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மோட்டார் திணறுவது போலத் தெரியும். உண்மையில் கரண்ட் கூடிப்போனதால் வந்த வினை. 0.4-க்கு இறக்கி, ஹீட் சிங்க் ஒட்டி, ஒரு சின்ன ஃபேனை வைத்ததும் பழைய மோட்டாரிலேயே பிளாட்டர் ஒழுங்காக வரைந்தது.

குளிர்ந்திருக்கும்போது சரியாக ஓடி, சில நிமிடம் கழித்து ஸ்டெப் விட்டால் கூட்டாதீர்கள், குறையுங்கள். ஆரம்பத்திலிருந்தே விடுகிறது என்றால்தான் கரண்ட் போதவில்லையா என்று யோசிக்க வேண்டும். அப்போதும் வேகத்தையும் ஆக்சிலரேஷனையும் முதலில் குறைத்துப் பாருங்கள்.

சிப் மாறினால் கணக்கும் மாறும். டிஆர்வி8825 என்ற இன்னொரு டிரைவர் சிப்பில் 8-க்குப் பதில் 5. ஆர்100 போர்டில் 1 ஆம்பியருக்கு 0.5 வோல்ட்.

## சப்ளை கம்பியில் அம்மீட்டர் வைத்துப் பார்ப்பது

12 வோல்ட் சப்ளையிலிருந்து எடுக்கும் கரண்டும் காயிலில் ஓடும் கரண்டும் வேறு. டிரைவர் நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. 1.5 ஓம் காயிலுக்கு 1 ஆம்பியர் லிமிட் வைத்து மோட்டாரை நிறுத்திப் பிடித்திருந்தால், காயில் செலவழிப்பது ஒன்றரை வாட்தான். சப்ளை பக்கம் கால் ஆம்பியர்கூட வராமல் போகலாம். "1 ஆம்பியர் வரவே இல்லையே" என்று திருகிக்கொண்டே போனால் சிப் போய்விடும்.

காயிலோடு தொடராக மீட்டரை வைத்தாலும் ஒன்று நினைவில் இருக்கட்டும்: ஸ்டெப்பைச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்காமல் ஓட்டும் ஃபுல் ஸ்டெப்பில் காட்டுவது லிமிட்டின் 70 சதவீதம்.

## லாஜிக் வோல்டேஜை மாற்றிவிட்டு மறந்துபோவது

ஏ4988 போர்டுகளில் ட்ரிம்பாட் லாஜிக் சப்ளையிலிருந்தே, அதாவது கன்ட்ரோலர் போர்டிலிருந்து சிப்புக்கு வரும் 5 அல்லது 3.3 வோல்ட்டிலிருந்தே, வோல்டேஜ் எடுக்கிறது. 5 வோல்ட் ஆர்டுயினோவில் செட் செய்ததை அப்படியே 3.3 வோல்ட் போர்டுக்கு மாற்றினால் வி-ரெஃப்பும் இறங்கும். மறுபடி அளக்க வேண்டும். டிஆர்வி8825-ல் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மோட்டார் சப்ளை இருந்தால்தான் வி-ரெஃப் வரும்.

## பவர் இருக்கும்போது மோட்டார் கனெக்டரைப் பிடுங்குவது

கூடாது. டிரைவர் செத்துப்போகும்.

## மீட்டர் இல்லாமல் திருகுவது

கடிகாரத் திசையில் திருகினால் கூடும் என்று நம்பாதீர்கள். சில நகல் போர்டுகளில் தலைகீழ். மீட்டரை 2 வோல்ட் ரேஞ்சில் வைத்து, கறுப்பு முனையை கிரவுண்டில் பிடியுங்கள். சிவப்பு முனையை ஒரு முதலை கிளிப்பால் ஸ்க்ரூடிரைவர் தண்டோடு கோத்துவிட்டால், திருகத் திருக எண் நகர்வது தெரியும். இழை அளவு திருகினாலே எண் தாவும். முனை வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டால் போர்டு காலி.

## மோட்டாரில் எழுதிய கரண்டை முழுதாக வைப்பது

மோட்டாரில் 1.7 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது உச்ச வரம்பு. 70 சதவீதம் வைத்தால் நிற்கும்போது பிடித்துக்கொள்ளும் பலம் கிட்டத்தட்ட 70 சதவீதம் கிடைக்கும், சூடு பாதியாகிவிடும். அங்கிருந்து தொடங்குங்கள். டிஎம்சி2209 என்ற டிரைவரை யூஆர்ட் (கன்ட்ரோலர் அதனுடன் பேசும் சீரியல் இணைப்பு) வழியாக ஓட்டினால், 3டி பிரிண்டர் ஃபர்ம்வேரான மார்லினில் எம்906 கட்டளையில் கொடுக்கும் மில்லி ஆம்பியர்தான் செல்லும், ட்ரிம்பாட் அல்ல. அந்த எண் ஆர்எம்எஸ் கணக்கு, அதாவது ஏறி இறங்கும் கரண்டின் ஒருவகைச் சராசரி. உச்சம் அதைப்போல் 1.41 மடங்கு.

செட் செய்தபின் அரை மணி நேரம் ஓடவிட்டு மோட்டாரின் சூட்டை அளந்து பாருங்கள். 70 டிகிரியில் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்டரில் அச்சிட்ட மோட்டார் மவுண்ட் 60-ஐ ஒட்டியே இளகத் தொடங்கும். பெல்ட் இழுக்கும் பக்கமாக மோட்டார் சாய்ந்துவிடும். ஒன்று கரண்டைக் குறையுங்கள், இல்லையென்றால் அந்த மவுண்டை அதைவிடச் சூடு தாங்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் அச்சிடுங்கள்.