மண் சரிந்த இரவில் மரம்போல் நிற்பவரை நகர்த்துவது எப்படி?

2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்தபோது கேத்தி பக்கம் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். எல்லாரும் அலறி ஓடுவார்கள் என்று நினைத்தேன். பலர் அசையாமல் நின்றார்கள். பாதி வீடு பள்ளத்தில் கிடக்க, ஒரு பாட்டி டீத்தூள் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். பைத்தியமில்லை. பேராபத்தில் மனம் பழகிய வேலையைப் பற்றிக்கொள்ளும்.

அப்படிப்பட்டவரை உலுக்காதீர்கள். எதிரே போய், கண்ணைப் பார்த்து, ஒரே ஒரு வேலை சொல்லுங்கள்: "பாட்டி, செருப்பைப் போடுங்கள்." போட்ட பிறகு: "என் கையைப் பிடியுங்கள்." 'எல்லாரும் வெளியேறுங்கள்' என்ற பொதுக் கூச்சல் பலர் காதில் ஏறாது. (நானும் முதலில் தொண்டை கிழியக் கத்தியவன்தான்.)

முகாமில் கம்பளி, சூடான டீ, வீட்டாரைப் பற்றிய உண்மைத் தகவல். "என்ன நடந்தது?" என்று கிளற வேண்டாம். நான் கிளறினேன், பாட்டி விடியும்வரை நடுங்கினார். அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

மழைச் சத்தத்துக்கே நெஞ்சு படபடப்பது பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணியும். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் கெட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸை அழையுங்கள், எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.