ஒரே தேதியில் பிறந்த தத்துவவாதிகளை ஜோடியாக வாசிப்பது எப்படி?

எங்கள் வாசிப்புக் குழுவில் அடுத்து யாரை எடுப்பது என்ற சண்டை ஓயவே ஓயாது. அதைத் தீர்க்க நான் கொண்டுவந்த வழி இது: ஒரே தேதியில் பிறந்த இருவரைச் சேர்த்து வாசிப்பது. பிறந்த தேதிக்கும் சிந்தனைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் பிடித்தவர்களையே திரும்பத் திரும்ப எடுக்கும் பழக்கம் இதில் உடைகிறது.

முதலில் தேதியைச் சரிபாருங்கள். ஆங்கிலத் தத்துவவாதிகளான பெந்தாமும் வைட்ஹெட்டும் பிறந்தது பிப்ரவரி 15 என்று பட்டியல்கள் சொல்லும். பெந்தாம் பிறந்த 1748இல் இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியில்தான் இருந்தது. அதன்படி அன்று பிப்ரவரி 4. இன்றைய கணக்குக்கு மாற்றினால்தான் இருவரும் ஒரே தேதியில் வருவார்கள். இங்கிலாந்து புதிய நாட்காட்டிக்கு மாறிய 1752க்கு முன் பிறந்த ஆங்கிலேயர் என்றால் இந்த 10, 11 நாள் வித்தியாசத்தைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், இருவரும் மோதிய பொது ஆள் ஒருவரைத் தேடுங்கள். இதற்கு மே 5ஐ விட்டால் வேறு நல்ல தேதி எனக்குத் தெரியாது. கீர்க்ககார்டு 1813இல் கோபன்ஹேகனில் பிறந்தார், மார்க்ஸ் 1818இல் ட்ரையரில். இருவருமே 1841இல் கிரேக்கத் தத்துவத்தைத் தொட்டுத்தான் ஆய்வேடு முடித்தார்கள்: அவர் சாக்ரடீஸின் முரண்நகை பற்றி, இவர் டெமாக்ரிடஸ், எபிகூரஸ் பற்றி. இருவர் முன்னாலும் மலைபோல் நின்றவர் ஜெர்மன் தத்துவவாதி ஹெகல். உலக வரலாற்றையே ஒரு கட்டுக்கோப்புக்குள் விளக்கிவிட்ட அவரிடம், 'இதில் வாழ்கிற தனி மனிதன் எங்கே?' என்றார் கீர்க்ககார்டு. 'உழைக்கிற, பசிக்கிற மனிதர்கள் எங்கே?' என்பது மார்க்ஸின் கேள்வி.

தடித்த புத்தகங்களில் தொடங்க வேண்டாம். மார்க்ஸ் 1845இல் ஃபாயர்பாக் என்ற ஜெர்மன் தத்துவவாதி பற்றி எழுதிவைத்த 11 குறிப்புகள் சில பக்கங்கள்தான். 'உலகை விளக்கினால் போதாது, மாற்ற வேண்டும்' என்கிற பதினோராவதை மேடைதோறும் சொல்லித் தேய்த்துவிட்டார்கள்; நீங்கள் ஆறாவதில் நில்லுங்கள். மனித சாரம் என்பது சமூக உறவுகளின் தொகுப்பு என்கிறார் அங்கே. பக்கத்திலேயே கீர்க்ககார்டின் 1846ஆம் ஆண்டு எழுத்தை வையுங்கள். ஒரு நாவலுக்கு மதிப்புரையாகத் தொடங்கி, 'பொதுஜனம்' என்பதே ஒரு வெற்றுருவம், எல்லோரையும் ஒரே மட்டமாக்கிவிடும் என்று போய் நிற்பார்.

இப்போது இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: மற்றவர்களோடு சேரும்போது மனிதன் கூடுகிறானா, குறைகிறானா? ஒருவர் தரப்பை எடுத்து மற்றவருக்குப் பதில் எழுதுங்கள். 'இருவரும் அவரவர் வழியில் சரி' என்று முடித்தால் எங்கள் குழுவில் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

சில ஜோடிகளுக்கு இவ்வளவு வேலை வேண்டாம். அக்டோபர் 15இல் பிறந்த நீட்சே (1844), ஃபூக்கோ (1926) இருவரில், பின்னவரே முன்னவரிடம் கடன் வாங்கியதை ஒப்புக்கொண்டவர். ஒழுக்கத்தின் பிறப்பை நீட்சே துருவியதுபோல இவர் சிறைச்சாலையைத் துருவினார். எது எங்கே மாறியது என்று மட்டும் பார்த்தால் போதும்.

மே 18க்கு, தர்க்கவியலில் உழைத்த ரஸ்ஸலும் (1872) கார்னாப்பும் (1891). 1920களின் தொடக்கத்தில், பணவீக்கத்தில் தவித்த ஜெர்மனியில், வைட்ஹெட்டும் ரஸ்ஸலும் எழுதிய கணிதத் தர்க்கநூல் கார்னாப்புக்குக் கிடைக்கவில்லை. ரஸ்ஸல் அதன் முக்கிய வரையறைகளை 35 பக்கங்களுக்குத் தன் கையாலேயே எழுதி அனுப்பினார். எனக்கு மிகப் பிடித்த ஜோடி இதுதான். ஆனாலும் தர்க்கக் குறியீடுகளைக் கண்டாலே ஓடுகிறவர்கள் குழுவில் இருந்தால், இதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.