முதலில் வளையுங்கள், பிறகு வெட்டுங்கள்

கம்ப்யூட்டரின் வாட்டர் கூலிங்குக்கு அக்ரிலிக் அல்லது பெட்ஜி (PETG) பிளாஸ்டிக் டியூபைச் சூடாக்கி வளைக்கும்போது, அளவெடுத்து வெட்டிவிட்டு வளைக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக விட்டு வளைத்து, ஆறியபின் கேபினெட்டுக்குள் ஃபிட்டிங்குகளின் (டியூபைச் செருகும் இணைப்புகளின்) பக்கத்தில் பிடித்துப் பார்த்து, குறியிட்டு, இரு முனைகளையும் வெட்டுங்கள்.

வளைவு மூலையைச் சுற்றாமல் குறுக்கே போவதால் நேர்க்கோட்டுக் கணக்கு பொருந்தாது. 90 டிகிரி வளைவில், வளைவின் ஆரத்தைப் போல சுமார் 0.43 மடங்கு நீளம் குறைவாகவே செலவாகும். சூடாக்கும் இடம் கொஞ்சம் தள்ளிப்போனாலும் பாதகமில்லை, வெட்டும்போது சரிக்கட்டிவிடலாம். கைப்பிடிக்கும் இடம் கிடைக்கிறது என்பதே என்னைப் பொறுத்தவரை பெரிய லாபம்: குட்டைத் துண்டை ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) முன்னால் பிடித்தால் விரல்தான் வேகும். உள்ளே சிலிகான் கயிறு வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் வளைவு சப்பிப்போகும். கயிறு வெளியே வர மறுத்தால், அடுத்த முறை அதில் சோப்புத் தண்ணீர் தடவிவிட்டு நுழையுங்கள். வெட்டிய முனையின் பிசிறையும் கட்டாயம் தேயுங்கள். அது ஃபிட்டிங்கில் உள்ள ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) கீறினால் கசிவு நிச்சயம்.

ஒரே டியூபில் இரண்டு வளைவு என்றால் இந்த வித்தை பாதிதான் உதவும். வெளி முனைகளை வெட்டிச் சரிசெய்யலாம், நடுவில் உள்ள தூரத்தை முடியாது. அதை முன்கூட்டியே அளந்தாக வேண்டும். கண்ணாடி டியூபுக்கு இது எதுவும் பொருந்தாது, அங்கே வளைவுக்குப் பதில் ஆங்கிள் ஃபிட்டிங்தான்.