கச்சான் கடிக்க முடியாத 2 வருடங்கள்

நல்லூர்த் திருவிழாவுக்குப் போயும் கச்சான் வாங்காமல் வந்தவன் நான். வலதுபக்கக் கடைவாய்ப் பல் ஆடியது. பல் தீட்டும்போதெல்லாம் முரசிலிருந்து இரத்தம். இடதுபக்கத்தால்தான் சாப்பாடு, அதுவும் புட்டைக் குழம்பில் ஊறவைத்து. அதைவிட வாய்நாற்றம்தான் என்னை ஒடுக்கியது. கலியாண வீடுகளில் வாயைப் பொத்திக்கொண்டு கதைப்பேன். "என்னப்பா, ஆரோடையும் கோவமோ?" என்று மனைவி கேட்பாள்.

கராம்பு வைத்தேன், உப்புத்தண்ணீர் கொப்பளித்தேன். நோ கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தீட்டாமல் விட்டது என் மடைத்தனம்.

கடைசியில் பல் வைத்தியர் கண்ணாடியில் காட்டினார்: கீழ்ப் பற்களின் உட்புறம் மஞ்சளாக, சுண்ணாம்பு அப்பியதுபோல் காரை. இறுகிவிட்டால் பிரஷுக்கு அசையாதாம். 2 தடவையாகச் சுரண்டி எடுத்தார். ஆடிய பல் தப்பவில்லை. வெற்றிலையையும் விடச் சொன்னார், சரி, விட்டேன்.

இப்போது காலையும் இரவும் 2 நிமிடம் மெதுவான பிரஷ், பல்லிடுக்குக்குக் குட்டிப் பிரஷ் ஒன்று. முதல் வாரமும் இரத்தம் வந்தது, பயந்தேன், அப்புறம் நின்றுவிட்டது. இந்த வருடத் திருவிழாவில் கால் கிலோ கச்சான் வாங்கினேன். வீதியிலேயே முடிந்துவிட்டது.