பலகை அடிக்கும் முன்: பெட் கேர் கடைக்குப் பெயர் வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் பட்டறைச் சுவரோரம் ஒரு ‘ஸ்’ சாய்ந்து நிற்கிறது. இரண்டடி உயரம், மஞ்சள் அக்ரிலிக், முதுகில் எல்இடி பட்டை. கடலூர் நெல்லிக்குப்பம் சாலையில் நாய், பூனைகளைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் க்ரூமிங் கடை தொடங்கிய தம்பி ஒருவருக்கு நான் அடித்துக் கொடுத்த பெயரில் கடைசி எழுத்து அது. திறந்து ஐந்தாவது மாதம் புதுச்சேரியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதே தொழிலில், ஏறத்தாழ அதே பெயரில் அங்கே ஒரு கடை பல ஆண்டுகளாக நடக்கிறது; பெயரைப் பதிவும் செய்துவைத்திருக்கிறார்கள்.

“அவர்கள் ஆங்கிலத்தில் கடைசி எழுத்தாக ‘எஸ்’ போடுகிறார்கள். நான் ‘இசட்’ அல்லவா போட்டிருக்கிறேன், அண்ணே?” என்றார் தம்பி. நான் ஏணியில் நின்றபடி தமிழ் எழுத்துகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தமிழில் இரண்டுக்கும் இந்த ஒரே ‘ஸ்’தான்.

எழுத்தை மாற்றினால் பெயர் மாறிவிடும் என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. டிரேட்மார்க், அதாவது ஒருவர் தன் தொழிலுக்கு உரிமையாக்கிக்கொண்ட பெயர் அல்லது குறி, பற்றிய வழக்குகளில் கண்ணுக்கு உள்ள மரியாதை காதுக்கும் உண்டு. ‘அம்ருத்தாரா’, ‘லக்ஷ்மண்தாரா’ என்ற இரண்டு மருந்துப் பெயர்களும் குழப்பும் அளவுக்கு நெருக்கமானவை என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. இரண்டு பெயர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் படிப்பாளியை நீதிமன்றம் கணக்கில் எடுப்பதில்லை. எங்கோ கேட்டதை அரைகுறையாக நினைவில் வைத்துக்கொண்டு கடைக்கு வரும் சாதாரண ஆள் குழம்புவாரா என்றுதான் பார்க்கிறது.

தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. அதையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். நினைத்திருக்கும் பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் செய்த வித்தைகள் எல்லாம் உதிர்ந்துவிடும். ‘பெட்’ என்பதைப் படிப்பவர் நாயை நினைப்பாரா, மெத்தையை நினைப்பாரா என்பதும் அப்போது தெரியும். விலங்கின் பாதத்துக்கான ஆங்கிலச் சொல்லை வைத்துச் சொல்விளையாட்டு செய்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அதைத் தமிழில் ‘பாவ்’ என்று எழுதினால் பாவ்பாஜி கேட்டு ஆள் வருவார்.

அடுத்தது, “எல்லாம் பதிவு செய்துவிட்டேன்” என்ற நம்பிக்கை. தம்பியிடம் ஜிஎஸ்டி எண் இருந்தது, உத்யம் சான்றிதழ் இருந்தது, தொழில் உரிமமும் இருந்தது. மூன்றிலும் கடைப்பெயர் அழகாக அச்சாகியிருந்தது. ஆனால் இவற்றில் எதுவும் பெயருக்கு உரிமை தராது. ஜிஎஸ்டி வரிக்கு, உத்யம் சிறுதொழில் என்ற அடையாளத்துக்கு, உரிமம் அந்த இடத்தில் தொழில் நடத்துவதற்கு. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிந்து பெயருக்கு ஒப்புதல் வாங்கியவர்கள்கூட டிரேட்மார்க் நோட்டீஸிலிருந்து தப்பிவிட முடியாது.

அது வேறு மாநிலம், நமக்கென்ன என்பதும் செல்லாது. கடைகள் சட்டம் கடலூருக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று. டிரேட்மார்க் சட்டம், 1999 நாடு முழுவதற்கும் ஒன்றே. இரண்டு ஊருக்கும் பதிவகமும் ஒன்றே: சென்னை கிண்டியில் இருக்கிறது.

எதிர்த்தரப்பு பதிவு செய்யவில்லை என்றால் கவலையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். முந்திப் பயன்படுத்தி நல்ல பெயர் எடுத்தவர், அந்தப் பெயரைக் காட்டி இன்னொருவர் வாடிக்கையாளரை இழுப்பதைத் தடுக்க முடியும். வக்கீல்கள் இதை ‘பாசிங் ஆஃப்’ என்பார்கள். நெல்லை ‘இருட்டுக்கடை அல்வா’ வழக்கில், முன்னால் ‘திருநெல்வேலி’ என்று ஒரு சொல் சேர்த்துக்கொண்ட எதிர்த்தரப்பும் பதிவு வைத்திருந்தது. ஆனாலும் முந்திப் பயன்படுத்தியவரின் உரிமையே மேலானது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே யாரோ வளர்த்த பெயருக்கு முன்னால் ‘கடலூர்’ என்றோ ‘பாண்டி’ என்றோ ஒட்டினால் அது உங்கள் பெயராகிவிடாது.

அந்த வழக்கை நான் அடிக்கடி சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. ‘இருட்டுக்கடை’ என்ற பெயரில் அல்வாவின் ருசி பற்றியோ நெய் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் அது பலமான பெயர். என்னிடம் வருபவர்கள் நேர்மாறாகக் கேட்கிறார்கள்: ‘பெஸ்ட் பெட் கேர்’, ‘கடலூர் டாக் க்ரூமிங்’, ‘பாண்டி பெட் சர்வீஸ்’. பார்த்தவுடன் புரிய வேண்டுமாம். தொழிலின் வகை, தரம், ஊர் இவற்றை மட்டும் சொல்லும் பெயர்களைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு பொதுவாகப் பதிவுக்கு ஏற்பதில்லை. நீண்ட காலம் புழங்கி, கேட்டவுடன் உங்கள் கடைதான் நினைவுக்கு வரும் என்று நிரூபித்தால் உண்டு. அதுவரை எதிர்வரிசையில் ஒருவர் ‘கடலூர் டாக் க்ரூமிங் சென்டர்’ என்று திறந்தால் உங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. என்ன தொழில் என்பதைப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளலாம். அதற்குத்தான் பலகையில் இடம் விடுகிறோம்.

தேடும்போதும் பாதி இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். ஒலிப்பை வைத்துத் தேடவும் வசதி இருக்கிறது. பொருள்களையும் சேவைகளையும் பதிவகம் வகுப்பு எண் போட்டுப் பிரித்து வைத்திருக்கிறது. சிக்கல் அந்த எண்ணில். க்ரூமிங்கும் கால்நடை மருத்துவமும் 44-ஆம் வகுப்பு. ஊருக்குப் போகிறவர்களின் நாயைத் தங்கவைக்கும் போர்டிங் 43. வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது 45. பயிற்சி 41, தீவனம் 31, ஷாம்பு 3. க்ரூமிங் கடைக்காரர் 44-ல் மட்டும் தேடிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார். அதே பெயரில் நாய்த் தீவனம் விற்பவர் 31-ல் இருந்தால், வாங்குபவர் இரண்டும் ஒரே கம்பெனி என்று நினைக்க மாட்டாரா? பதிவகத்தை முடித்த பிறகு கூகுள் மேப், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் தேடுங்கள். பதியாத கடைகள் அங்கேதான் கிடைக்கும்.

சில சொற்களை நான் கேட்டவுடனே வேண்டாம் என்றுவிடுவேன். ‘ராயல்’, ‘கிங்’, ‘குயின்’: இருவர் சேர்ந்து கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்வதாக இருந்தால், 1932-ஆம் ஆண்டு பார்ட்னர்ஷிப் சட்டத்தின் 58-ஆம் பிரிவு மாநில அரசின் சம்மதமில்லாமல் இவற்றை அனுமதிப்பதில்லை. ‘ஹாஸ்பிடல்’, ‘கிளினிக்’: பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் இல்லாமல் இப்படிப் பலகை வைத்தால், பெயர்ச் சிக்கலைவிடப் பெரிய சிக்கல் வரும். குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர்ப்பக்கம், கேள்வி கேட்க ஆளுக்கா பஞ்சம்? சிவப்புச் சிலுவையும் வேண்டாம். ஜெனீவா ஒப்பந்தச் சட்டம், 1960 அதைத் தடுக்கிறது. ‘ப்ளூ கிராஸ்’ ஏற்கெனவே ஒரு விலங்குநல அமைப்பின் பெயர். ‘ஸ்கூபி’, ‘கார்ஃபீல்டு’ போன்ற கார்ட்டூன் பெயர்களுக்கெல்லாம் முதலாளிகள் உண்டு. ‘பெடிகிரி’ நாய்த் தீவனம் விற்பதாகப் பலகையில் எழுதலாம். கடைக்கே அந்தப் பெயரை வைக்கக் கூடாது.

வட்டத்துக்குள் ஆங்கில ‘ஆர்’ போடச் சொல்லிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பதிவு கிடைத்தவர்தான் அதைப் போடலாம். கிடைக்காமல் போடுவதை டிரேட்மார்க் சட்டத்தின் 107-ஆம் பிரிவு தடுக்கிறது. விண்ணப்பம் மட்டும் போட்டிருந்தால் ‘டிஎம்’ போதும். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். விண்ணப்பம் பதிவகத்தின் டிரேட்மார்க் இதழில் வெளியான பின் நான்கு மாதங்களுக்குள் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பதிவு கிடைத்தால் 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். தம்பிக்கு நான் அடித்த முதல் பலகையின் பில்லில் இரண்டு வகுப்புகளுக்கே பணம் கட்டியிருக்கலாம்.

நோட்டீஸை அவர் கிழித்துப் போடவில்லை. வக்கீல் வழியாகப் பதில் அனுப்பி, பெயரை மாற்ற ஒரு மாத அவகாசம் கேட்டு வாங்கினார். அந்த ஒரு மாதத்தில் பத்துப் பதினைந்து பெயர்களைத் தேடிப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்து நீக்கினார். கடைசியில் நின்றது அவர் வீட்டுப் பூனையின் பெயர், வெந்தயம். “மளிகைக்கடை என்று நினைப்பார்கள்” என்று அவருடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பலகை ஓரத்தில் ஒரு பூனைப்படம் வைத்து அம்மாவைச் சமாதானப்படுத்தினோம்.

இந்த முறை முன்பணம் தருவதற்கு முன்னால், 43, 44 இரண்டுக்கும் விண்ணப்பம் போட்ட ரசீதைக் கைப்பேசியில் காட்டினார். கீழே வரும் ‘பெட் கேர்’ பழைய எழுத்துகளே. ‘ஸ்’ஸுக்கு மட்டும் இன்னும் வேலை வரவில்லை.