போர்வெல் வண்டியிலிருந்து பில்பராவுக்குப் போகிறவர்களுக்கு

திருச்செங்கோட்டுப் போர் வண்டியில் ராடு மாட்டிப் பழகியவருக்கு, மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில் இரும்புத் தாது தேடித் துளை போடும் ரிக் வேலை புதிதல்ல. ஹேமர், பிட், கம்ப்ரசர் எல்லாம் தெரிந்த சாமான்கள்தான். ட்ரில்லருக்குக் கூடமாட நிற்பவரை அங்கே ஆஃப்சைடர் என்பார்கள். நியூமன் ஊர்ப் பக்கம் நான் பார்ப்பதும் அந்த வேலைதான். ஊர்ப் பையன்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

நம்மூரில் தண்ணீர்தான் குறி. பறக்கிற புழுதியை யாரும் சட்டை செய்வதில்லை. அங்கே ஆர்.சி. (ரிவர்ஸ் சர்குலேஷன்) ட்ரில்லிங்கில் அந்தப் புழுதிதான் சரக்கு. ராடுக்குள் இன்னொரு குழாய் இருக்கும். இரண்டுக்கும் நடுவே காற்று இறங்கி, உடைந்த கல்தூளை உள்குழாய் வழியாக மேலே தள்ளும். அது சைக்ளோன் என்கிற, காற்றிலிருந்து தூளைப் பிரிக்கும் கூம்பில் சுழன்று பைக்குள் விழும். எந்தப் பை எந்த ஆழம் என்பதில் கவனம் சிதறவே கூடாது. ஒரு பை மாறினால் இரும்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கே மாறிவிடும்.

தூளில் நீல நார் கண்ணில் பட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த மலைகளின் இரும்புப் பாறையில் சில இடங்களில் நீல ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அதை வெட்டியெடுத்த விட்டனூம் சுரங்கம் 1966-இல் மூடப்பட்டது. வேலை பார்த்தவர்களும் குடியிருந்தவர்களும் அதற்குப் பல வருடம் கழித்துக்கூட நுரையீரல் நோயில் இறந்தார்கள். அதனால் மாஸ்க் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். தாடியை எடுத்தாகணும், மீசை மாஸ்க் விளிம்பைத் தொடாத அளவு இருக்கலாம்.

டிசம்பர், ஜனவரியில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், ஷிப்ட் 12 மணி நேரம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடித்துக்கொண்டே இருங்கள். ஆனாலும் அந்தச் செம்மண் அழகு! ஸ்பினிஃபெக்ஸ் புல் தூரத்தில் மெத்தைபோலத் தெரியும், உட்கார்ந்துவிடாதீர்கள், நுனியெல்லாம் ஊசி.

வண்டி வழியில் நின்றுபோனால் அதை விட்டு நடக்காதீர்கள். தேடி வருபவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது வண்டிதான். பொழுது சாயும் நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும், மெதுவாகப் போங்கள்.

காலையில் மூச்சை ஊதச் சொல்லிச் சோதிப்பார்கள், முந்தின இரவுச் சரக்கும் காட்டிக்கொடுக்கும். அப்புறம், அம்மா கட்டித் தரும் பருப்புப் பொடி பெட்டியில் இருந்தால் விமானத்தில் தரும் அட்டையில் உணவு இருப்பதாகக் கட்டாயம் எழுதுங்கள். மறைத்து மாட்டினால் அபராதம், சமயத்தில் விசாவே போய்விடும்.