பனிச்சாலையில் சொகுசு செடான்: குளிர்கால டயரோடு ஓட்டும் முறை

பின்சக்கரங்கள் இயக்கும் பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ், மெர்சிடிஸ் இ-கிளாஸ் போன்ற செடான்களைப் பனி விழும் மாதங்களில் வீட்டு முன்றிலில் நிறுத்திவிட்டு, வேறொரு காரில் வேலைக்குப் போகிறவர்கள் கனடாவின் டொரன்டோவிலும் அதை ஒட்டிய மார்க்கம் நகரிலும் உண்டு. அது தேவையற்றது. சரியான டயர் மாட்டிய பின்சக்கர இயக்கக் கார், கோடைக்கால டயரோடு ஓடும் நான்குசக்கர இயக்கக் காரைவிடப் பனியில் நம்பகமாக நிற்கும், திரும்பும். ஆனால் சொகுசுக் காருக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சாலையின் சத்தமும் அதிர்வும் உள்ளே வராதபடி அது கட்டப்பட்டிருப்பதால், பிடிமானம் குறைந்துகொண்டே போவது ஓட்டுபவரின் காதுக்கும் கைக்கும் தாமதமாகவே எட்டுகிறது. சிறிய பழைய கார் நாற்பதிலேயே தடதடத்து எச்சரிக்கும் சாலையில், இந்தக் கார் எண்பதிலும் அமைதியாகப் போகும். அந்த அமைதியை நம்பாமல், சாலையின் நிலையை நாமே கேட்டறிந்து ஓட்டுவதுதான் இங்கே கற்க வேண்டிய வித்தை.

முதலில் டயர். வெப்பநிலை சுமார் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது கோடைக்கால டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது. குளிர்கால டயரின் ரப்பர் கலவை கடுங்குளிரிலும் நெகிழ்வாக இருக்கும். அதன் மேற்பரப்பில் உள்ள நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் பனியைக் கவ்விப் பிடிக்கின்றன. டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் வரைந்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சின்னம் பனியில் சோதித்துத் தேறிய டயருக்கே தரப்படுகிறது. எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது டயரின் வெட்டமைப்பைத்தான் குறிக்கிறது, பனியில் தேறியதை அல்ல. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். டொரன்டோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் கட்டாயம் இல்லை. ஆயினும் குளிர்கால டயர் மாட்டியவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத் தள்ளுபடி தர வேண்டும் என்ற விதி 2016 முதல் நடைமுறையில் உள்ளது. தள்ளுபடியைப் பலர் கேட்பதே இல்லை.

சொகுசுக் கார் வைத்திருப்பவர்கள் கடையில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. குளிர்கால டயரிலேயே இரண்டு வகை இருக்கின்றன. மிஷ்லின் பைலட் ஆல்பின் போன்றவை ஐரோப்பிய நெடுஞ்சாலை வேகத்துக்காகச் செய்யப்பட்டவை. ஸ்டியரிங் துல்லியமாக இருக்கும், ஈரச் சாலையிலும் லேசான பனியிலும் சிறப்பாக நடந்துகொள்ளும். மிஷ்லின் எக்ஸ்-ஐஸ், பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக், நோக்கியன் ஹக்கபெலிட்டா போன்றவை இன்னும் மென்மையானவை. திருப்பத்தில் சற்றே குழைவதுபோல் தோன்றும், ஆனால் பனிக்கட்டி படிந்த சாலையில் அவற்றின் பிடிதான் மேல். காரின் கம்பீரத்துக்குப் பொருந்துகிறது என்று விற்பனையாளர் முதல் வகையைப் பரிந்துரைக்கக்கூடும். டொரன்டோவுக்கு வடக்கே உள்ள பாரி நகரையும் தாண்டி வார இறுதிகளில் போகிறவர்களும், உப்புத் தூவாத உட்தெருக்களில் குடியிருப்பவர்களும் இரண்டாம் வகையையே வாங்க வேண்டும் என்பது என் கருத்து. ஸ்டியரிங்கின் கூர்மை ஜனவரியில் யாருக்கும் பயன்படுவதில்லை.

அளவிலும் கவனம் வேண்டும். இத்தகைய கார்கள் பலவற்றில் பின் டயர் முன் டயரைவிட அகலமாக இருக்கும். 2017இல் வந்த தலைமுறை 5 சீரிஸில் 19 அங்குலச் சக்கர வளையத்துக்கு (ரிம்) முன்னே 245 மில்லிமீட்டர், பின்னே 275 மில்லிமீட்டர் என்ற அமைப்பு உண்டு. அகலமான டயர் புதுப்பனியின்மேல் மிதக்கப் பார்க்கும். குறுகலானது பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். ஆகவே நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவில், தயாரிப்பாளர் அனுமதிக்கும் சிறிய வளையத்தைத் தேர்ந்தெடுங்கள். மேற்சொன்ன காருக்கு 18 அங்குலத்தில் 245/45 என்ற டயர் அளவு நான்கிலும் பொருந்தும். டயரின் பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் மார்ச் மாதக் குழிகளில் வளையம் அடிபடுவதும் குறையும். உயர்திறன் மாடல்களில் பிரேக் பெரிதாக இருப்பதால் சிறிய வளையம் உள்ளே நுழையாது. கையேட்டைப் பார்த்தபின் வாங்குங்கள். பின்சக்கரத்துக்கு மட்டும் இரண்டு டயர் மாட்டிச் செலவைக் குறைக்க நினைப்பது ஆபத்து, ஏனெனில் கார் புறப்படும், ஆனால் திரும்பவோ நிற்கவோ முன்சக்கரம் ஒத்துழைக்காது.

காற்றழுத்தம் வெப்பநிலையோடு இறங்கும். ஏறத்தாழ ஒவ்வொரு 5 அல்லது 6 பாகைக்கும் ஒரு பி.எஸ்.ஐ. (டயர் அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைகிறது. 20 பாகை வெப்பமுள்ள கராஜில் அளந்து நிரப்பிய டயர், வெளியே மைனஸ் 15இல் ஆறு பி.எஸ்.ஐ. வரை இழந்திருக்கும். காரை இரவு முழுதும் வெளியில் நிறுத்தி, காலையில் ஓட்டுவதற்கு முன் அளப்பதே முறை. டயர் மேற்பரப்பின் பள்ளங்களின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால், சட்டம் அனுமதித்தாலும் அது பனிக்கு உதவாது.

புறப்படும் முன்

கூரையில் உள்ள பனியை முழுவதும் தள்ளுங்கள்; இல்லையேல் முதல் பிரேக்கிலேயே அது கண்ணாடியின்மேல் சரிந்து பார்வையை மூடும். பின்புறப் புகைக்குழாயைப் பனி அடைத்திருந்தால் இயந்திரத்தை ஓட விடக்கூடாது, நச்சுவாயு உள்ளே திரும்பும். வைப்பர்கள் பானட்டின் விளிம்புக்குள் ஒளிந்திருக்கும் கார்களில், இரவே அவற்றைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவந்து நிமிர்த்தி வைத்தால் காலையில் பிய்க்க வேண்டியிராது. முன் கிரில்லிலும் பம்பரிலும் உள்ள ரேடார் உணரிகளையும் பின் கேமராவையும் துடையுங்கள். முகப்பு விளக்கைத் தானியங்கி நிலையில் விடாமல் நீங்களே போடுங்கள். பகல் வெளிச்சத்தில் பனி கொட்டும்போது பின் விளக்குகள் எரியாமலே ஓடும் கார்கள் ஏராளம்.

நகராட்சியின் பனி அகற்றும் வண்டி போனபின் முன்றிலின் வாயிலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரம்பு நிற்கும். ஈரமும் உப்பும் கலந்து இறுகிய அந்தப் பனியைத் தாழ்ந்த பம்பரால் இடித்துக் கடக்க முயன்றால் அடித்தட்டு மூடி கிழிந்து தொங்கும். காரின் உயரத்தைக் காற்றால் மாற்றும் தொங்கல் (ஏர் சஸ்பென்ஷன்) உள்ள கார்களில் உயர்த்தும் பொத்தானை அழுத்திக்கொள்ளலாம்; மற்றவர்களுக்கு மண்வெட்டிதான்.

பிடிமானத்தைக் கேட்டறிதல்

தெருவுக்கு வந்ததும், பின்னால் எவரும் வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, 30 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போகும்போது பிரேக்கைச் சற்று அழுத்திப் பாருங்கள். பெடல் காலடியில் துடித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்கிறது, அதாவது டயரின் பிடி அந்த அளவோடு முடிந்துவிட்டது. எவ்வளவு லேசான அழுத்தத்தில் துடிப்பு வந்தது என்பதே அன்றைய சாலை உங்களுக்குச் சொல்லும் சேதி. பெருஞ்சாலையிலிருந்து உட்தெருவுக்குத் திரும்பும்போதும், வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி ஏறி இறங்கும்போதும் இதை மறுபடி செய்யுங்கள். மைனஸ் 15இல் இறுகிய பனியைவிட, பூச்சியத்தில் நீர்ப்படலம் பூத்த பனிக்கட்டியே அதிகம் வழுக்கும். பாலங்களின் அடியிலும் குளிர்காற்று ஓடுவதால் அவை மற்றச் சாலைக்கு முன்பே உறைந்துவிடும்.

நகரத் தொடங்கும்போது ஸ்போர்ட் நிலையில் இருக்க வேண்டாம். சக்கரங்களை நேராக வைத்து, பிரேக்கை விட்டு, கார் தானாக நகரும் அளவுக்கு விட்டபின் ஆக்சிலரேட்டரைத் தொடுங்கள். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பை முழுதாக அணைக்கவே வேண்டியதில்லை. ஆழமான பனியில் சக்கரம் சிறிது சுழன்றால்தான் வெளியேற முடியும் என்ற நிலையில், பி.எம்.டபிள்யூ. மாடல்கள் பலவற்றில் இந்த அமைப்புக்கான டி.எஸ்.சி. பொத்தானை ஒருமுறை சிறிது அழுத்தினால், சக்கரச் சுழற்சியை ஓரளவு அனுமதிக்கும் இடைநிலை கிடைக்கும். வெளியே வந்ததும் பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

நான்குசக்கர இயக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: அது புறப்படவும் ஏறவும் உதவும், நிற்க உதவாது. இரண்டு டன்னை நெருங்கும் காரை நிறுத்துவது டயர் மட்டுமே. பிரேக் பிடித்தபின் கார் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 60இலிருந்து 40க்கு இறங்கினால் அந்தத் தூரம் பாதிக்கும் கீழே வந்துவிடும். முன் காருக்கு ஆறு விநாடி இடைவெளி விடுங்கள். நடுவில் யாராவது நுழைந்தால் மறுபடி விடுங்கள்.

திருப்பத்துக்கு முன்பே, நேர்ப்பாதையில் வேகத்தைக் குறைத்து முடித்துவிட வேண்டும். முன்பக்கம் திரும்பாமல் நேரே வழுக்கினால் ஸ்டியரிங்கை மேலும் வளைக்காமல், வளைவைச் சற்றே தளர்த்தி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். டயர் மீண்டும் பிடிக்கும். பின்பக்கம் விலகினால் காலை மெதுவாக எடுத்து, போக விரும்பும் திசையைப் பார்த்து ஸ்டியரிங்கை அங்கே திருப்புங்கள். கார் நேரானதும் கையும் உடனே நேராக வேண்டும், இல்லையேல் அது மறுபக்கம் வீசும். இறக்கத்தில் கியரைக் கையால் குறைப்பது நல்லதுதான், ஆனால் ஒரே தாவலில் இரண்டு கியர் குறைத்தால் பின்சக்கரம் மட்டும் இழுபட்டு வழுக்கும். மின்சாரக் காரிலும் கலப்பின (ஹைபிரிட்) வண்டியிலும் காலை எடுத்ததுமே பலமாக இழுக்கும் மீளாற்றல் பிரேக்குக்கும் இதே விளைவு உண்டு. அதன் அளவைக் குறைத்துவையுங்கள்.

நெடுஞ்சாலையில் வேகம் காக்கும் குரூஸ் அமைப்பை அணையுங்கள். 401ஆம் நெடுஞ்சாலையில் பனி அகற்றும் வண்டிகள் படிக்கட்டு வரிசையில் வந்தால் அவற்றை முந்தாதீர்கள். பின்னால் இருப்பதே நல்ல சாலை. 400ஆம் நெடுஞ்சாலையில் பாரியைத் தாண்டும்போது, ஜார்ஜியன் விரிகுடாவிலிருந்து வரும் பனிச்சூறை சில நிமிடங்களில் எதிரே இருப்பதை மறைத்துவிடும். அப்போது நடுச்சாலையில் நிற்காமல், வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து அடுத்த வெளிவழியில் இறங்குங்கள்.

பெரும்பனிக்கு மறுநாள் 90ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கினால் பலர் டயர் பழுது என்று பட்டறைக்கு ஓடுகிறார்கள். பெரும்பாலும் சக்கர வளையத்தின் உட்புறத்தில் ஒருபக்கமாக உறைந்த பனிதான் காரணம். தண்ணீர் பீச்சிக் கழுவும் இடத்தில் நான்கு வளையத்தின் உள்ளேயும் அடித்துப் பாருங்கள். அதன் பிறகும் நடுக்கம் நின்றபாடில்லை என்றால், டயர் மாற்றி 100 கிலோமீட்டருக்குள் மறுபடி இறுக்க வேண்டிய சக்கர போல்ட்டுகளை இறுக்கினீர்களா என்று பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போகலாம்.